டூபா வால்வுக்கு எண்ணெய் மட்டும் போதாது, காத்து போக வழியும் வேணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இணைப்புல பித்தளை வாத்தியங்களை எப்படிப் பராமரிக்கணும்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயத்தை தமிழ்ல எழுதுறவங்களே ரொம்பக் கம்மி, அதனால முதல்ல அதுக்கு மனசார நன்றி. ஆனா டூபா, அதான் பேண்டுல அடி ஸ்வரம் வாசிக்கிற பெரிய பித்தளை வாத்தியம், அது பத்தி வந்த இடத்துல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு, "வால்வு மெதுவா எழும்பினா எண்ணெய் விடவும்"னு. (வால்வுங்கிறது ஸ்வரத்தை மாத்த விரலால அழுத்துறது, விட்டா ஸ்பிரிங் அதை மேல தள்ளிவிடும்.) பல வருஷமா பேண்டுல டூபா வாசிக்கிறேன், புதுசா வர்ற பசங்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால அந்த ஒரு வரியைப் படிச்சதும் மனசு கேக்கல. எண்ணெய் வேணும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா எண்ணெய் மேல எண்ணெயா விட்டும் வால்வு எழும்பாம உயிரை வாங்குற கேஸ் எத்தனையோ பார்த்திருக்கேன், அதுல நிறைய கேஸ்ல கோளாறு எண்ணெய்ல இல்ல, உள்ள மாட்டிக்கிட்ட காத்துல. அதை விளக்கிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்க பேண்டுல ஒரு பையன் இருந்தான், நல்லா வாசிப்பான், ஆனா மூணாவது வால்வு மட்டும் அவனுக்கு எப்பவும் லேட். வேகமான இடம் வந்தா அந்த வால்வு பாதி வழியிலயே நிக்கும், அடுத்த ஸ்வரம் குழறிப் போகும். விரல் சரியில்லன்னு திட்டு வாங்கினான், வீட்டுல போய் தினமும் அரை மணி நேரம் மூணாவது விரலை மட்டும் வச்சுப் பயிற்சி பண்ணான், எண்ணெய் பிராண்டை மாத்தினான், வாத்தியத்தைச் சோப்புத் தண்ணியில கழுவினான், யாரோ சொன்னாங்கன்னு ஸ்பிரிங்கைக் கையால இழுத்து நீட்டிக்கூடப் பார்த்தான். ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் ரிகர்சல் முடிஞ்சதும் அவன் பக்கத்துல உக்காந்து டூபாவைச் சாய்ச்சு வால்வோட அடிப்பக்கத்தைப் பார்த்தேன். முதல் ரெண்டு வால்வோட அடி மூடியிலயும் நடுவுல சின்னதா ஒரு ஓட்டை தெரியுது. மூணாவது மூடியில மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வட்டமா, அழகா கத்தரிச்சு ஒட்டியிருக்கு. "என்னப்பா இது?"ன்னு கேட்டேன். "அதுலேர்ந்து அழுக்குத் தண்ணி சொட்டி யூனிஃபார்ம்ல கறை ஆகுதுண்ணா, அதான் அடைச்சேன்"னான்.

டேப்பை நகத்தால உரிச்சேன். ஓட்டைக்குக் கீழ என் விரலை வச்சுக்கிட்டு "இப்ப அழுத்து"ன்னேன், விரல்ல புஸ்ஸுன்னு காத்து அடிச்சது. அவன் விட்டதும் வால்வு சட்டுன்னு மேல வந்து நின்னுச்சு. அவன் ஒரு தடவை அழுத்தினான், ரெண்டு தடவை அழுத்தினான், அப்புறம் என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையில சந்தோஷத்தை விட வருத்தம்தான் அதிகமா தெரிஞ்சது, ஏன்னா அத்தனை நாளா தன்னோட விரலைத்தான் அவன் குத்தம் சொல்லிட்டிருந்தான். எனக்கும் அன்னைக்கு ராத்திரி பூரா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, முதல் நாளே மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கலாமேன்னு.

உள்ள என்ன நடக்குதுன்னா, வால்வு கேசிங்கிறது மேலயும் கீழயும் மூடி போட்ட ஒரு உருளை, அதுக்குள்ள பிஸ்டன் கச்சிதமா, சுவரை ஒட்டி மேலயும் கீழயும் ஓடுது. சைக்கிள் பம்பை நினைச்சுக்குங்க, முனையை விரலால அடைச்சுட்டுப் பிடியை அமுக்கினா எப்படி இருக்கும், முதல்ல கொஞ்சம் போகும், அப்புறம் திமிரும், கையை எடுத்தா திருப்பித் தள்ளும். அதே கதைதான் இங்கயும். பிஸ்டன் கீழ போகும்போது அதுக்குக் கீழ இருக்கிற காத்து அமுங்குது, மேல் மூடிக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவுல இருக்கிற இடம் பெருசாகி அங்க காத்து குறையுது. ஆக ஒரே நேரத்துல கீழேர்ந்து ஒரு தள்ளு, மேலேர்ந்து ஒரு இழுப்பு, ரெண்டுமே விரலுக்கு எதிரா. திரும்பி மேல வரும்போது எல்லாம் தலைகீழ், அப்ப ஸ்பிரிங்குக்கு எதிரா. அதனாலதான் அடி மூடியில ஓட்டை வைக்கிறாங்க, சில வாத்தியத்துல பிஸ்டனோட மேல் தட்டுலயும் சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா கீழ இருக்கிற காத்து பிஸ்டனோட வயித்துக்குள்ள பூந்து மேல வந்துடும்.

ட்ரம்பெட்காரங்களுக்கு இது பெரிய தொல்லை இல்ல, ஏன்னா பிஸ்டன் ஒல்லி, ஓட்டம் குட்டை. டூபால அப்படி இல்ல. ஒரு கணக்குக்கு பிஸ்டனோட விட்டம் 30 மில்லிமீட்டர், கீழ இறங்குற தூரம் 20 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு அழுத்துக்கு 14 சிசி காத்து நகரணும். மூடிக்குள்ளயும் பிஸ்டன் வயித்துலயும் சேர்த்து 50 சிசி இடம் இருக்கு, காத்து எங்கயும் கசியலன்னு வச்சா 50 சிசி 36 சிசி ஆகுது, 1662ல ராபர்ட் பாயில் வெளியிட்ட அதே கணக்குப்படி அழுத்தம் கிட்டத்தட்ட 1.4 மடங்கு ஆயிடும், 7 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் அடி மேல அந்தக் கூடுதல் அழுத்தம் மட்டுமே 2.8 கிலோ பாரம். நிஜத்துல பிஸ்டன் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா கசியும், அதனால முழுசா 2.8 கிலோ வராது, ஆனா அந்தக் கசிவுக்கு நேரம் வேணும், வேகமா வாசிக்கிறவனுக்கு அந்த நேரம் கிடையாது. அந்தப் பையன் மூணாவது விரலால தள்ளிட்டிருந்தது இதைத்தான்.

ஓட்டை முழுசா அடைக்கணும்னு கூட இல்ல, சுருங்கினாலே போதும், ஆள் தெரியாம மாட்டிக்கிற இடம் இதுதான். ஒரு அழுத்து வினாடியில 20ல ஒரு பங்கு நேரத்துல முடியுதுன்னு வச்சுக்குங்க, அந்த 14 சிசியும் 3 மில்லிமீட்டர் ஓட்டை வழியாவே வெளிய போகணும்னா காத்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்துல பாயணும். அதே ஓட்டை அழுக்கு படிஞ்சு ஒன்றரை மில்லிமீட்டரா ஆச்சுன்னா பரப்பு நாலுல ஒண்ணு, வேகம் நாலு மடங்கு, அந்த வேகத்துக்குத் தேவைப்படுற அழுத்தம் வேகத்தோட வர்க்கமா ஏறும், அதாவது 16 மடங்கு. விட்டம் பாதியானா பாரம் 16 மடங்கு! மூடியைத் திருப்பிப் பார்க்கிறவன் "ஓட்டை இருக்கே, வெளிச்சம் தெரியுதே"ன்னு சொல்லி திரும்ப மாட்டிடுவான், ஆனா விரலுக்குத் தெரியும். எண்ணெய், எச்சில் ஈரம், பித்தளையில பிடிக்கிற பச்சைக் களிம்பு, சத்தம் வராம இருக்க வால்வுல வைக்கிற ஃபெல்ட் துணியிலேர்ந்து உதிர்ற நூல் எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டை ஓரத்துல ஒரு கறுப்புப் பசை மாதிரி படியும், நான் கழட்டிப் பார்த்த பல மூடியில அது வளையமாவே படிஞ்சிருந்தது. மரத்துல செஞ்ச பல்குச்சியை விட்டு ஒரு சுத்து சுத்தினா வந்துடும், ரெண்டு நிமிஷ வேலை.

அப்ப கோளாறு காத்தா, அழுக்கா, இல்ல பிஸ்டன் நெளிஞ்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வேகத்தை வச்சுதான். வால்வை ரொம்ப மெதுவா, வழக்கத்தை விட பத்து மடங்கு மெதுவா அழுத்திப் பாருங்க, மெதுவாவே விட்டும் பாருங்க. மெதுவா அழுத்தும்போது வெண்ணெய் மாதிரி போய் வேகமா அழுத்தும்போது மட்டும் திமிருதுன்னா அது காத்து, ஏன்னா காத்தோட எதிர்ப்புதான் வேகத்தோட கூடிக்கிட்டே போகும். மெதுவா அழுத்தினாலும் ஒரே இடத்துல வந்து உரசி நிக்குதுன்னா அது அழுக்கோ, கேசிங்ல நசுங்கலோ, பிஸ்டன்ல கீறலோதான், அதுக்கு வைத்தியம் வேற. ட்ரம்பெட் மாதிரி ஸ்பிரிங் மேல இருக்கிற வால்வுன்னா இன்னும் சுலபம், அடி மூடியைக் கழட்டி வச்சுட்டு வால்வை அழுத்திப் பாருங்க, அப்பவே பறந்துச்சுன்னா சந்தேகமே வேணாம். ஆனா நிறைய டூபால ஸ்பிரிங் பிஸ்டனுக்கு அடியில, மூடி மேலதான் உக்காந்திருக்கும், மூடியைக் கழட்டினா ஸ்பிரிங் மடியில வந்து விழும், அங்க இந்த டெஸ்ட் செல்லாது, விரலை ஓட்டைக்குக் கீழ வச்சு காத்து அடிக்குதான்னு பார்க்கிறதுதான் வழி. மூணு வால்வையும் மாத்தி மாத்தி அழுத்தி விரல்ல படுற காத்தை ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சோம்பலா அடிச்சா அதுதான் நோயாளி.

இன்னும் ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது, அதையும் சொல்லிடறேன். வால்வு சத்தம் போடுதுன்னு சில பேர் அடி மூடிக்குள்ள வட்டமா ஃபெல்ட் வெட்டிப் போட்டுடறாங்க, நடுவுல ஓட்டை போடாம. வெளியேர்ந்து பார்த்தா மூடியில ஓட்டை இருக்கும், உள்ள அடைபட்டுக் கிடக்கும். இன்னொண்ணு, சோம்பல்பட்டு பிஸ்டனை வெளிய எடுக்காம அந்த அடி ஓட்டை வழியாவே எண்ணெய் விடுறது. தயவுசெஞ்சு அதை யாரும் பண்ணாதீங்க. வால்வுலேர்ந்து இறங்குற அழுக்கெல்லாம் கடைசியா தங்குற இடம் அந்த மூடிதான், அங்க எண்ணெயை ஊத்தி வாத்தியத்தைத் தலைகீழா புரட்டினா அவ்வளவு அழுக்கையும் நீங்களே பிஸ்டன் மேல கொண்டு போய்ப் பூசுறீங்க.

அந்தப் பையன் சொன்ன கறை நிஜம்தான், அதையும் நான் மறுக்கல. மூச்சுல வர்ற ஈரம் குழாய்க்குள்ள தண்ணியாகி, எண்ணெயோட கலந்து, பிஸ்டன் ஓரமா இறங்கி அந்த ஓட்டை வழியா சொட்டும், வெளிர் நிறத் துணின்னா கறை போகவே போகாது. மடியில ஒரு பழைய துண்டை விரிச்சுக்குங்க, வாசிச்சு முடிச்சதும் மூடியைத் துடைச்சு வைங்க. ஓட்டையை மட்டும் தொடாதீங்க.

இதுவரைக்கும் சொன்னது ஒரு காத்து. டூபால இன்னொரு காத்தும் இருக்கு, அது ஸ்லைடுக்குள்ள, அதாவது ஒவ்வொரு வால்வோடயும் இருக்கிற, இழுத்துத் தள்ளக்கூடிய வளைஞ்ச குழாய்க்குள்ள மாட்டிக்கிறது. எனக்கு இதுதான் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், ஏன்னா என் வாசிப்பையே மாத்தினது இது.

டூபா வாசிக்காதவங்களுக்காக: வால்வை அழுத்தினா கூடுதலா ஒரு குழாய் சேரும், ஸ்வரம் இறங்கும். பி ஃப்ளாட் சுருதி டூபான்னா மொத்தக் குழாய் நீளம் கிட்டத்தட்ட 5.5 மீட்டர், முதல் வால்வு சுமார் 67 செ.மீ. சேர்க்கும், ரெண்டாவது 33, மூணாவது 104. தனித்தனியா அழுத்தினா எல்லாம் சுருதியில இருக்கும், சேர்த்து அழுத்தினாத்தான் வம்பு. முதல் வால்வை அழுத்தினதுமே வாத்தியம் நீளமாயிடுது, அந்த நீள வாத்தியத்துக்கு மூணாவது வால்வோட 104 செ.மீ. பத்தாது. கணக்குப் போட்டா ஒண்ணும் மூணும் சேரும்போது கிட்டத்தட்ட 12.7 செ.மீ. குறையுது, மூணு வால்வையும் சேர்த்து அழுத்தினா 23 செ.மீ.க்கு மேலயே குறையும், ஸ்வரம் மேல ஏறி அபஸ்வரமா ஒலிக்கும். அதைச் சரிக்கட்டத்தான் டூபாக்காரங்க இடது கையால முதல் வால்வோட ஸ்லைடை வாசிக்கும்போதே இழுத்தும் தள்ளியும் வாசிக்கிறாங்க, ஸ்லைடுக்கு ரெண்டு கால் இருக்கிறதால 6.4 செ.மீ. இழுத்தா 12.7 வந்துடும். கச்சேரியில டூபாக்காரரோட இடது கை மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கிறதை வேடிக்கை பார்த்திருப்பீங்க, அது இதுக்குத்தான்.

இப்ப பிரச்சினை எங்க வருதுன்னா, அடுத்த ஸ்வரத்துக்கு ஸ்லைடைத் தயார் பண்றது பெரும்பாலும் இந்த ஸ்வரம் வாசிச்சிட்டு இருக்கும்போதே, அப்ப முதல் வால்வு மேலதான் இருக்கும். வால்வு மேல இருந்தா அந்த ஸ்லைடோட ரெண்டு வாயும் பிஸ்டன் சுவரால அடைபட்டிருக்கும், உள்ள இருக்கிற காத்துக்குப் போக்கிடம் இல்ல. 5 செ.மீ. இழுத்தா 67 செ.மீ. காத்து 77 செ.மீ. இடத்துல விரியணும், அழுத்தம் 13 சதவீதம் குறையும், அதாவது 1.3 மீட்டர் தண்ணி உயரத்துக்குச் சமமான வெற்றிடம். மெதுவா ஒரு தாழ்ந்த ஸ்வரம் வாசிக்க நாம வாயில வச்சிருக்கிற அழுத்தத்தை விட இது பல மடங்கு. அந்த நிலையில வால்வை அழுத்தினா என்ன ஆகும், வெற்றிடம் திறந்து நம்ம மூச்சை ஒரு கணம் உறிஞ்சிக்கும், ஸ்வரம் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு விக்கல் மாதிரி வரும். ஸ்லைடைத் தள்ளியிருந்தா தலைகீழா, அமுங்கின காத்து உதட்டு மேல வந்து மோதும். பெரிய சத்தத்துல இது கரைஞ்சு போயிடும், ஆனா மொத்த பேண்டும் அடங்கி நாம மட்டும் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடிச்சிருக்கிற இடத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். இதுல இன்னொரு தொல்லை, ஸ்லைடு நல்லா வழுக்கினா அது நீங்க வச்ச இடத்துலயும் நிக்காது, இழுத்தா உள்ள போகப் பார்க்கும், தள்ளினா வெளிய வரப் பார்க்கும், அப்ப கையை எடுக்கவே முடியாது.

எனக்கு இது பல வருஷம் நடந்துச்சு. மெதுவான இடத்துல ஒண்ணும் மூணும் வரும்போதெல்லாம் அந்த விக்கல். நாக்கு சரியில்லையோ, மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தெரியலையோன்னு நினைச்சேன். ஒரு நாள் பழுது பார்க்கிறவர் ஒருத்தர் நான் வாசிக்கிறதைக் கேட்டுட்டு, "ஸ்லைடைத் தொடாம அதே இடத்தை வாசிங்க"ன்னார். சுருதி பிசகுச்சு, ஆனா விக்கல் இல்ல. "அப்ப உங்க மேல குத்தம் இல்ல, பிஸ்டன்ல ஒரு ஓட்டை போட்டா சரியாயிடும்"னார். பிஸ்டன்ல ஓட்டையான்னு பதறிட்டேன், காத்து கசியக்கூடாதுன்னுதானே அவ்வளவு கச்சிதமா செஞ்சு வச்சிருக்காங்க.

அவர் விளக்கினதை அப்படியே சொல்றேன். பிஸ்டனை வெளிய எடுத்து டேபிள் மேல வச்சார். வால்வு மேல இருக்கும்போது ஸ்லைடோட வாய் பிஸ்டன்ல எந்த இடத்துக்கு நேரா நிக்கும்னு அளந்து மார்க்கர்ல ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள்ள, பிஸ்டன்ல குறுக்கே போற காத்துப் பாதை எதுலயும் படாத ஒரு இடத்தைத் தேடிப் புள்ளி வச்சார், அந்தப் பாதையில ஓட்டை விழுந்தா வாத்தியம் நிரந்தரமா ஒழுகும். அப்புறம் வால்வை அழுத்தினா அந்தப் புள்ளி எங்க வந்து நிக்கும்னு கேசிங்ல அளந்தார், அங்க வெறும் சுவர்தான் இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தப்புறம்தான் துளை போட்டார், சுமார் ஒரு மில்லிமீட்டர், குண்டூசியை விடக் கொஞ்சம் பெருசு. துளை ஓரத்துல இருந்த பிசிறை உள்ளயும் வெளியயும் எடுத்து, விரல் நகத்தை மேல ஓட்டிப் பார்த்து, நகம் எங்கயும் தட்டலன்னு தெரிஞ்சப்புறம்தான் கழுவி எண்ணெய் விட்டு உள்ள போட்டார். முழு வேலையில துளை போட்டது பத்து நொடிதான், மிச்சம் பூரா அளக்குறதுதான்.

இப்ப வால்வு மேல இருக்கும்போது ஸ்லைடுக்குள்ள இருக்கிற காத்து அந்தச் சின்ன ஓட்டை வழியா பிஸ்டனோட வயித்துக்குள்ள போகுது, அங்கேர்ந்து அடி மூடி ஓட்டை வழியா வெளிய போகுது. இழுத்தா அதே வழியில உள்ள வருது. வால்வை அழுத்தின உடனே ஓட்டை கேசிங் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், ஒரு பொட்டு காத்தும் போகாது. ஓட்டை போட்டா நாதம் போயிடும்னு சொல்றவங்க ஒரு விஷயத்தை யோசிக்கணும், ஓட்டை திறந்திருக்கிற நேரத்துல அந்த ஸ்லைடு வாசிப்புலயே இல்ல, காத்து அது வழியா போகவே இல்ல. ஸ்லைடு வாசிப்புக்கு வரும்போது ஓட்டை மூடியிருக்கு. இடம் தப்பாப் போட்டாலோ பிஸ்டன் ஏற்கெனவே தேஞ்சு லொடலொடன்னு இருந்தாலோதான் கெடுதல். அதனால வீட்டுல டிரில் மெஷினை எடுக்காதீங்க, பிஸ்டன் சுவர் மெல்லிசு, ஒரு பிசிறு மிஞ்சினா போதும், கேசிங் முழுக்கக் கோடு கோடா கீறிடும்.

இதுல நஷ்டமே இல்லையான்னா, ரெண்டு இருக்கு. ஸ்லைடுக்குப் போடுற கிரீஸோ எண்ணெயோ அளவுக்கு மீறினா அந்த ஓட்டை வழியா பிஸ்டன் பக்கம் இறங்கி வால்வைப் பிசுபிசுப்பாக்கும், அதனால கொஞ்சமாத்தான் போடணும். அப்புறம் வால்வு கசியுதான்னு பார்க்க ஒரு பழைய டெஸ்ட் உண்டு, வால்வை அழுத்தாம ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து, சில நொடி பொறுத்து, முழுசா உருவினா "டப்"னு வெடிச்சா நல்ல வால்வு, சத்தமே வரலன்னா கசிவு. ஓட்டை போட்ட வால்வுல அந்தச் சத்தம் வராது. பழைய டூபா வாங்கப் போறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், "டப்" வரலன்னு நல்ல வாத்தியத்தை விட்டுட்டு வரக்கூடாது, பிஸ்டனை வெளிய எடுத்து ஓட்டை இருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணணும்.

எல்லா வால்வுக்கும் போடணுமான்னா, நீங்க வாசிக்கும்போது எந்த ஸ்லைடைத் தொடுறீங்களோ அதுக்கு மட்டும் போதும், பெரும்பாலானவங்களுக்கு முதல் வால்வுதான். நாலு வால்வு உள்ள காம்பென்சேட்டிங் டூபான்னா இந்த அவசியமே குறைவு, 1874ல டேவிட் பிளெய்க்லி கொண்டு வந்த அந்த ஏற்பாட்டுல நாலாவது வால்வோட மத்ததைச் சேர்க்கும்போது குறையுற நீளத்தைக் கூடுதல் குழாய்களே சரிக்கட்டிடும், ஸ்லைடை இழுக்க வேண்டியது கம்மி. ஆனா அதுல பிஸ்டன் நீளம் அதிகம், கனமும் அதிகம், அதனால அடி மூடி ஓட்டை சுத்தமா இருக்கிறது அங்க ரொம்ப ரொம்ப முக்கியம். ரோட்டரி வால்வுல மேல கீழ போற பிஸ்டனே கிடையாது, சுழல்றதுதான், அதனால முதல்ல சொன்ன தள்ளு இழுப்பு அங்க இல்ல, ஆனா ஸ்லைடுக்குள்ள மாட்டுற காத்து அங்கயும் இதே மாதிரிதான்.

இந்த பம்ப் கதை டூபா பிறந்தப்பவே இருக்கு, 1835 செப்டம்பர் 12ல வில்ஹெல்ம் வீப்ரெக்டும் ஜோஹான் மோரிட்ஸும் பெர்லின்ல டூபாவுக்குக் காப்புரிமை வாங்கினப்ப அதுல இருந்தது அஞ்சு வால்வு, "பெர்லினர் பம்பன்"னு சொல்ற குட்டையும் தடியுமான பிஸ்டன். பேருலயே பம்ப் இருக்கு பாருங்க.

உங்ககிட்ட நான் கேக்கிறது ஒண்ணுதான். அந்தப் பராமரிப்புப் பக்கத்தோட அடுத்த பகுதி வரும்போது, "வால்வு மெதுவா எழும்பினா எண்ணெய் விடவும்"ங்கிற வரிக்கு முன்னாடி இன்னொரு வரி சேர்த்துப் போடுங்க: "முதலில் அடி மூடியைக் கழற்றி ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்க்கவும்." பிஸ்டன், கேசிங், ஸ்லைடு வாய், ஓட்டை எங்க இருக்கணும்னு ஒரு படமும் சேர்த்துப் போட்டா இன்னும் புரியும், நானே கையால வரைஞ்சு இதோட வச்சிருக்கேன், கோடு நேரா இல்லன்னா உங்க ஓவியர் திருத்திக்கட்டும், அளவை மட்டும் மாத்த வேணாம். பேண்டு நடத்துற மாஸ்டர்களும் உங்க பேப்பரைப் படிக்கிறாங்க, அடுத்த தடவை ஒரு பையன் வால்வு எழும்பலன்னு வந்து நின்னா, அவன் விரலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டூபாவைச் சாய்ச்சு அடியில ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பேண்டுல டூபா வாசிக்கிற ஒரு வாசகர்